கைக்கடிகாரம் மனச்சோர்வைக் காட்டுமா?

காலைச் சந்தையில் மீன் வாங்க நிற்பவர், திடலில் பந்து விளையாடும் மாணவர், மாலையில் நடைப்பயிற்சி செய்யும் தாத்தா என்று, ஆயர் தாவார் போன்ற சிறு பட்டணத்திலும் பலர் கையில் இன்று திறன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். எத்தனை அடி நடந்தீர்கள், இரவில் எத்தனை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தீர்கள் என்று அது கணக்குச் சொல்கிறது.

இந்தக் கணக்கை வைத்து ஒருவருடைய மனநிலையை அறிய முடியுமா? மனநல ஆய்வாளர்கள் ஏறக்குறைய 50 ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. கடிகாரம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த வாரப் பாடம். அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், நம் வீட்டில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கும் ஒருவரை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிப்போம்.

மனம் சோர்ந்தால் உடலும் மெதுவாகும்

மனநிலைக் கோளாறுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மனச்சோர்வு நோய். கவலையான செய்தி கேட்டு இரண்டு நாள் வாடியிருப்பது இதில் சேராது. குறைந்தது இரண்டு வாரமாவது, நாளின் பெரும்பகுதியில், மனம் தாழ்ந்து கிடக்கும். அல்லது முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இருக்காது. அதனோடு தூக்கம், பசி, கவனம், ஆற்றல் ஆகியவையும் மாறும். மற்றொன்று, இருமுனைக் கோளாறு. இதில் சோர்வுக் காலமும், அளவுக்கு மீறிய எழுச்சிக் காலமும் மாறி மாறி வரும். எழுச்சிக் காலத்தில் தூக்கம் குறையும். பேச்சும் செயலும் கட்டுக்கடங்காமல் பெருகும்.

இந்த இரண்டிலும் உடல் அசைவு ஒரு முக்கிய அறிகுறி. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். என்ற நோய்க் கையேடு, மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்றாக உடல் அசைவு மந்தமாவதை அல்லது அமைதியின்றித் தவிப்பதைச் சொல்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த மாற்றம் பிறர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். 2013-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. எழுச்சிக் காலத்தை உறுதி செய்ய மனநிலை மாற்றம் மட்டும் போதாது. செயல்பாடும் ஆற்றலும் கூடியிருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது.

மனத்துக்கும் கை கால்களுக்கும் என்ன தொடர்பு? மூளையின் ஆழத்தில் அடித்தள நரம்புமுடிச்சுகள் என்ற பகுதி உண்டு. ஓர் அசைவைத் தொடங்குவதிலும், ‘இதைச் செய்ய வேண்டும்’ என்ற உந்துதலிலும் அதற்குப் பங்கு உண்டு. டோபமைன் என்ற வேதிப்பொருள் இந்த இரண்டு வேலைகளிலும் ஈடுபடுகிறது. ஆகவே மனச்சோர்வு உள்ளவர் “எழுந்திருக்க மனசு வரவில்லை” என்று சொன்னால், அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடக் கூடாது. எழுவதற்கான உந்துதலைத் தரும் அமைப்பே தளர்ந்திருக்கலாம்.

நம் நாட்டில் இது அரிய நோய் அன்று. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்ப்பாங்கு ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. ஏறக்குறைய 22 பேருக்கு ஒருவர். நூறு பேர் கூடும் ஒரு கல்யாண வீட்டில் நான்கைந்து பேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பேராக்கில் நாம் இதைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் கேலியாகத்தான். 1911-இல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பதால், அந்த ஊர்ப்பெயரையே நம்மவர்கள் வசைச்சொல்லாக்கிவிட்டார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே பலர் மருத்துவரிடம் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய் என்பதால் நம்பவும் மறுக்கிறோம். இங்கேதான் அளவீட்டுக்கு வேலை வருகிறது.

ஏன் அளக்க வேண்டும்?

மருத்துவர் “போன இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள்?” என்று கேட்கிறார். இரண்டு வாரத்தை யாரால் சரியாக நினைவுகூர முடியும்? மேலும், மனம் சோர்ந்திருக்கும்போது நல்ல நாள்களும் நினைவில் கறுத்துப் போகும். எழுச்சிக் காலத்தில் இருப்பவரோ “எனக்கு ஒரு குறையும் இல்லை” என்பார். கேட்டுப் பெறும் பதில் அவசியம்தான். ஆனால் அது மட்டும் போதாது. காய்ச்சலை நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கும் வெப்பமானியில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் குப்ஃபரும் அவருடைய குழுவினரும், மனநல நோயாளிகளின் அசைவைச் சிறிய வானொலிக் கருவி ஒன்றால் அளந்தார்கள். அதே பத்தாண்டின் நடுவில், அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தில், அசைவைத் தன் நினைவகத்திலேயே சேமித்துக்கொள்ளும் கருவி உருவானது. அதனால் ஆய்வில் பங்கேற்பவர் மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. வீட்டுக்குப் போகலாம், சமைக்கலாம், உறங்கலாம், கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். இந்த முறைக்கு ஆக்டிகிராஃபி என்று பெயர். இன்றைய கைக்கடிகாரத்துக்கு இது ஒரு முன்னோடி.

கருவிக்குள் என்ன நடக்கிறது?

அசைவை அளக்கும் உறுப்பின் பெயர் முடுக்கமானி. திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். பேருந்து திடீரென நின்றால் நம் உடல் முன்னால் சாய்கிறது அல்லவா? அது நிலைமம். கடிகாரத்துக்குள்ளும் ஒரு குட்டிப் பயணி இருக்கிறார். அவர் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய சிலிக்கன் எடை. மெல்லிய வில் போன்ற தாங்கிகளில் நிற்கிறார். கை அசைந்தால் அவர் சற்றுப் பின்தங்குவார். அவருக்கும் அருகிலுள்ள தகட்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறும், மின்தேக்குத்திறனும் மாறும். அந்த மாற்றமே எண்ணாகப் பதிவாகிறது.

ஆய்வுக்குப் பயன்பட்ட பழைய கருவிகள் சிலவற்றில் வேறு வகை உறுப்பு இருந்தது. அது அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகம். சமையலறையில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்க ‘டிக்’ என்று அழுத்துகிறோமே, அந்த லைட்டரில் தீப்பொறி வருவதும் இதே தத்துவத்தால்தான்.

அத்தகைய கருவி ஒன்று விநாடிக்கு 32 முறை அசைவைப் பார்க்கும். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.05 பங்குக்கு மேல், அதாவது ஏறக்குறைய 0.5 மீட்டர்/விநாடி² அளவைத் தாண்டிய அசைவுகளை மட்டும் கணக்கில் எடுக்கும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் ‘அசைவெண்’ எழுதி வைக்கும். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். ஆகவே 1,440 எண்கள். இரண்டு வாரத்துக்கு 20,160 எண்கள். எந்த மனிதரும் வைக்க முடியாத நாட்குறிப்பு இது.

பெர்கன் நகரத்து ஆய்வு

நோர்வே நாட்டின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் செய்த ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மனச்சோர்வு உள்ள 23 பேர், மனச்சிதைவு நோய் உள்ள 23 பேர், நோயில்லாத 32 பேர் என்று மூன்று குழுவினர் மணிக்கட்டில் இந்தக் கருவியைக் கட்டிக்கொண்டார்கள். முடிவுகள் 2010-இல் வெளிவந்தன. மனச்சோர்வுக் குழுவின் பதிவுகளும் நோயில்லாதவர்களின் பதிவுகளும் 2018-இல், பெயர் அடையாளம் இன்றி, உலக ஆய்வாளர்கள் அனைவரும் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டன. கணினிக்கு மனச்சோர்வை அடையாளம் காணக் கற்றுத்தரும் பல முயற்சிகள் இந்தத் தரவிலிருந்தே தொடங்குகின்றன.

அவர்கள் என்ன கண்டார்கள்? இரண்டு நோயாளிக் குழுக்களிலும் சராசரி அசைவு, நோயில்லாதவர்களைவிடக் குறைவு. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் மனச்சிதைவு உள்ளவர்களின் அசைவு, மற்ற இரு குழுவினரின் அசைவைவிட எளிமையான, கட்டொழுங்கான அமைப்பில் இருந்தது. மனச்சோர்வுக் குழுவில் அப்படி இல்லை. மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்த்திருந்தால் இரு நோயும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். அசைவு எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நம் கடிகாரம் காட்டும் ‘இன்று 7,000 அடி’ என்பது வெறும் மொத்தம். மனநிலையைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அந்த மொத்தத்தில் இல்லை. அன்றைய பகலும் இரவும் எப்படி இருந்தன என்பதில் இருக்கிறது.

மொத்தம் ஒன்று, வடிவம் வேறு

ஒரு கணக்குப் போடுவோம். இவை பாடத்துக்காக நான் அமைத்த எண்கள்.

முதலாமவர்: நாளின் மிகச் சுறுசுறுப்பான தொடர்ச்சியான 10 மணி நேரத்தில் மணிக்கு 600 அசைவெண். மிக அமைதியான தொடர்ச்சியான 5 மணி நேரத்தில் மணிக்கு 20. மீதி 9 மணி நேரத்தில் மணிக்கு 100. மொத்தம்: 6,000 + 100 + 900 = 7,000.

இரண்டாமவர்: சுறுசுறுப்பான 10 மணி நேரத்தில் மணிக்கு 400. அமைதியான 5 மணி நேரத்தில் மணிக்கு 100. மீதி 9 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 2,500. மொத்தம்: 4,000 + 500 + 2,500 = 7,000.

இருவருக்கும் மொத்தம் ஒன்றே. ஆனால் முதலாமவரின் பகல் பகலாகவும் இரவு இரவாகவும் இருக்கிறது. இரண்டாமவரின் பகல் மங்கிவிட்டது, இரவு கலங்கிவிட்டது. இந்த வேறுபாட்டை ஒரே எண்ணில் சொல்ல ‘ஒப்பு வீச்சு’ என்ற அளவு உதவுகிறது. சுறுசுறுப்பான 10 மணி நேரத்தின் சராசரியிலிருந்து அமைதியான 5 மணி நேரத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

முதலாமவர்: (600 − 20) ÷ (600 + 20) = 0.94
இரண்டாமவர்: (400 − 100) ÷ (400 + 100) = 0.60

விடை 1-ஐ நெருங்கினால் பகலும் இரவும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. 0-ஐ நோக்கி இறங்கினால் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

பிரிட்டனில் ‘யூகே பயோபேங்க்’ என்ற பெரிய ஆய்வுத் திட்டத்தில் பங்கேற்றவர்கள் ஒரு வாரம் மணிக்கட்டில் முடுக்கமானி கட்டியிருந்தார்கள். அவர்களில் 91,105 பேரின் பதிவுகளை ஆராய்ந்த முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. ஒப்பு வீச்சு குறைந்தவர்களிடம் மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனநிலைத் தடுமாற்றம், தனிமையுணர்வு ஆகியவை கூடுதலாக இருந்தன. எவ்வளவு கூடுதல் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம். அந்த எண் மிக முக்கியம்.

மதுரை வௌவால்கள் சொன்ன பாடம்

பகலும் இரவும் பிரிந்திருப்பதை உடலில் எது நடத்துகிறது? நம் மூளையில் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றுடைய ஓர் உயிரியல் கடிகாரம் உண்டு. அது தானாகவே ஓடும். ஆனால் மிகச் சரியாக 24 மணி நேரம் ஓடாது. சுவர்க்கடிகாரத்தை அவ்வப்போது திருத்தி வைப்பதுபோல, அதையும் வெளியிலிருந்து ஏதாவது ஒன்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சூரிய வெளிச்சம் அவற்றில் தலையாயது.

வெளிச்சம் தவிர வேறு ஏதாவது திருத்துமா? இதற்கு அழகான விடை ஒன்று தமிழ்நாட்டிலிருந்து வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடிகார ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன். அவரும் மாரிமுத்து முதலிய ஆய்வாளர்களும் குகையில் வாழும் பூச்சியுண்ணும் வௌவால்களின் பறத்தல் அசைவைப் பதிவு செய்தார்கள். அந்த முடிவு 1981-இல் வெளியானது.

வெளிச்சம் எட்டாத இருட்டுக் குகையில் வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் மற்ற வௌவால்கள் சுதந்திரமாக மாலையில் வெளியேறி விடியலில் திரும்பிக்கொண்டிருந்தபோது, கூண்டு வௌவாலும் சூரியனைப் பார்க்காமலேயே அவற்றோடு நேரம் ஒத்து இயங்கியது. ஆனால் இன வௌவால்களே இல்லாத தனிக் குகையில் வைத்தபோது, அதன் அசைவு நாளுக்கு நாள் நேரம் தவறி விலகிப் போனது. கூட்டத்தின் போக்குவரத்தே அதற்குக் கடிகாரமாக இருந்திருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில், வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனியறையில் மனிதத் தன்னார்வலர்களை வைத்தும் உறக்க-விழிப்புச் சுற்றை ஆராய்ந்தார்கள்.

வௌவாலிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவிவிட முடியாது. ஆனால் மனநல ஆய்விலும் இதே போன்ற கருத்து எழுந்தது. 1988-இல் ஏலர்ஸ், ஃபிராங்க், முன்பு பார்த்த குப்ஃபர் ஆகியோர் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். வேலைக்குப் போகும் நேரம், குடும்பத்தோடு உண்ணும் நேரம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் போன்றவை மனிதரின் உடற்கடிகாரத்துக்குச் சமூகம் தரும் நேரக்குறிகள். வேலை இழப்பு, துணையின் மரணம், பிரிவு ஆகியவை துயரத்தை மட்டும் தருவதில்லை. இந்த நேரக்குறிகளையும் பறித்துவிடுகின்றன. அதனால் உடலின் ஒழுங்கு குலைந்து, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு மனச்சோர்வு வரக்கூடும் என்றார்கள்.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு வேண்டாம். தோட்டத்து வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால் மரம் வெட்டு, பால் எடுத்து ஸ்டோரில் சேர்ப்பு, மாலையில் திடலிலோ கோயில் வாசலிலோ நாலு பேரோடு பேச்சு. அந்த வாழ்க்கை கடுமையானது. அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாள் முழுவதும் உடலுக்கு நேரம் சொல்ல ஆள் இருந்தது. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாயின. குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தன. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். நாற்பது ஆண்டு பெரட்டுக்கு எழுந்த ஒருவர் இன்று தனி வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தால், அவருக்கு எழ வேண்டிய நேரத்தை யார் சொல்வது? தனிக் குகை வௌவாலை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

முதலில் வருவது எது?

மனம் சோர்வதால் அசைவு குறைகிறதா, அசைவு குறைவதால் மனம் சோர்கிறதா? 2019-இல் கேத்லீன் மெரிகாங்கஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. 242 பேர், அவர்களில் 54 பேர் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள். இரண்டு வாரம் மணிக்கட்டில் கருவி அணிந்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை தங்கள் மனநிலையையும் ஆற்றலையும் கருவியில் பதிந்தார்கள். ஒரு நேரத்தில் அசைவு கூடியிருந்தால், அடுத்த நேரத்தில் மனநிலை சற்று மேம்பட்டிருந்தது. மனநிலை மேம்பட்டதைத் தொடர்ந்து அசைவு கூடும் என்ற மறுதிசைத் தொடர்பு தெரியவில்லை.

அதே ஆண்டில் வெளிவந்த, மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காரணத்தைத் தேடும் மற்றோர் ஆய்வும், அசைவு கூடுதலாக இருப்பது மனச்சோர்வு அபாயத்தைக் குறைக்கலாம் என்று காட்டியது. அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. முடுக்கமானியால் அளந்த அசைவை வைத்துப் பார்த்தபோது இந்தத் தொடர்பு தெரிந்தது. “நான் இவ்வளவு உடற்பயிற்சி செய்கிறேன்” என்று மக்கள் தாங்களே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தபோது தெரியவில்லை. அளப்பதற்கும் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

அப்படியானால் மனச்சோர்வு உள்ளவரிடம் “எழுந்து ஓடு, சரியாகிவிடும்” என்று சொல்லலாமா? கூடாது. கால் முறிந்தவரிடம் நடந்தால் வலுவாகும் என்பதுபோல் ஆகிவிடும். சரியான வழியைக் கோவா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. விக்ரம் பட்டேலும் சங்காத் அமைப்பினரும் 10 ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இதை நடத்தினார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான மேம்பட்ட கவனிப்பு. மறுபாதியினருக்கு அதனோடு, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களின் சந்திப்புகள். அந்தச் சந்திப்புகளில் சிறுசிறு செயல்களைத் திட்டமிட்டார்கள்: அக்கம்பக்கத்தாரைப் பார்ப்பது, விட்டுவிட்ட வீட்டு வேலையில் ஒரு சிறு பகுதியை எடுத்துச் செய்வது போன்றவை. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோய் நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றவர்களில் 39 விழுக்காட்டினர். முடிவுகள் லான்செட் இதழில் 2017-இல் அச்சாயின.

‘எழுந்திரு’ என்ற கட்டளைக்கும் ‘வா, சேர்ந்து கடை வரை போய் வரலாம்’ என்ற துணைக்கும் உள்ள தூரம் இதுதான்.

கடிகாரம் காட்டாதவை

இப்போது, முன்பு சொன்ன அந்த எண்ணுக்கு வருவோம். பிரிட்டன் ஆய்வில் மக்களை ஒப்பு வீச்சின்படி ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். ஒரு படி கீழே இறங்கினால், மனச்சோர்வுக்கான வாய்ப்பு விகிதம் 1.06 மடங்கு, இருமுனைக் கோளாறுக்கு 1.11 மடங்கு. 91,105 பேரில் இது தெளிவாகத் தெரியும். ஒரே ஒருவரை நிறுத்திவைத்து “உனக்கு நோய்” என்று சொல்ல இது போதவே போதாது. குழுவின் சராசரி வேறு. தனிமனிதரின் நிலை வேறு. எந்த எண்ணைப் பார்த்தாலும் இந்த வேறுபாட்டை மறவாதீர்கள்.

வேறு குறைகளும் உண்டு. கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தால் அசைவு சுழி. அது சோர்வு அன்று. மோட்டார் சைக்கிளின் அதிர்வு அசைவாகப் பதியலாம். விழித்தபடி அசையாமல் படுத்திருந்தால் ‘தூக்கம்’ என்று எழுதிவிடும். உறக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு இது பெரிய பிழை. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மூட்டுவலி, சில மருந்துகள் ஆகியவையும் அசைவைக் குறைக்கும். இரவு வேலை செய்பவரின் வடிவம் இயல்பாகவே மாறியிருக்கும். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். டெங்கியா, சளிக்காய்ச்சலா என்று சொல்லாது. அசைவுக் கணக்கும் அப்படியே.

இதன் உண்மையான பயன், ஒருவரை அவருடைய முந்தைய நாள்களோடு ஒப்பிடுவதில் இருக்கிறது. சிகிச்சை பெறும் ஒருவரின் பகல் மெல்ல உயர்கிறதா, இரவு அமைதியாகிறதா என்று மருத்துவர் பார்க்கலாம்.

இன்னொன்று: இந்தக் கணக்கு யாருடையது? ஒருவரின் உடல், மனநலத் தகவல்கள், நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உணர்வுநுட்பம் கொண்ட தரவுகள். உங்கள் அசைவுக் கணக்கை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. பெற்றோரே, பிள்ளையின் கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பதைவிட, “இரண்டு மூணு வாரமா நீ வெளியே போகவே இல்லையேப்பா, என்னாச்சு?” என்று அருகில் உட்கார்ந்து கேட்பது மேல்.

செய்து பாருங்கள்

தேவையானவை: அடிகளைக் கணக்கிடும் கைக்கடிகாரம் அல்லது கைப்பேசி, கட்டத்தாள், பென்சில்.

1. ஏழு நாள், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உள்ள அடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. கிடைமட்டத்தில் 24 மணி நேரம், செங்குத்தில் அடிகள் என்று பட்டை வரைபடம் வரையுங்கள்.
3. மிகச் சுறுசுறுப்பான தொடர்ச்சியான 10 மணி நேரத்தையும், மிக அமைதியான தொடர்ச்சியான 5 மணி நேரத்தையும் கண்டுபிடித்து ஒப்பு வீச்சைக் கணக்கிடுங்கள். அடிகளை மட்டும் எண்ணுவதால் உங்கள் விடை 1-ஐ ஒட்டியே வரும். ஆய்வுக் கருவி படுக்கையில் புரள்வதையும் எண்ணும்; உங்கள் கைப்பேசி எண்ணாது. கருவி மாறினால் எண்ணும் மாறும் என்பதும் ஒரு பாடமே.
4. பள்ளி நாளையும் விடுமுறை நாளையும் ஒப்பிடுங்கள். உங்கள் சுறுசுறுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? அந்த நேரத்தை உங்களுக்குத் தருவது எது? பள்ளி மணியா, அம்மாவின் குரலா, நண்பர்களா?

இது உங்களை நீங்களே நோயாளி என்று முடிவு செய்வதற்கான சோதனை அன்று. உங்கள் நாளின் வடிவத்தைக் கண்ணால் காண்பதற்கான பயிற்சி.

எப்போது உதவி நாட வேண்டும்?

வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேலாக வழக்கத்துக்கு மாறாக முடங்கிக் கிடந்தால், அல்லது தூக்கமே இல்லாமல் ஓயாது அலைந்துகொண்டிருந்தால், கடிகாரம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். மாணவர்கள் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரிடம் பேசலாம். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவித் தொலைபேசி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே 999.

நம் வீடுகளில் ‘சோம்பேறி’ என்ற சொல் மிக எளிதாக வாயில் வருகிறது. நேற்று வரை ஓடியாடி வேலை செய்த ஒருவர் இன்று எழவில்லை என்றால், அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திவைத்து, என்ன மாறியது என்று கேளுங்கள். மொத்தத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் மாற்றத்தைக் கவனிப்பதைத்தான் இந்தப் பாடம் நமக்குக் கற்பிக்கிறது.

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. இருவரின் மொத்த அசைவு சமமாக இருந்தும் ஒப்பு வீச்சு வேறுபடுவது எப்படி?
2. மதுரை ஆய்வில் தனிக் குகை ஒன்றையும் பயன்படுத்தியது ஏன்? அது இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியுமா?
3. வேலைக்குப் போகாத தாத்தா, பாட்டிக்கு நாளின் நேரக்குறிகளை உங்கள் குடும்பம் எப்படித் தரலாம்?